விமானம் காட்டும் ஆப் தேர்வுக் குழு

ஒலிக் குறைதீர் இயக்ககத்துக்குள் நுழைகிறவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, அவர்கள் கொடுக்கிற கம்பளிக் காலுறையை மாட்டிக்கொள்ள வேண்டும். சத்தத்தோடு போராடுகிற இடத்துக்குள் டக் டக்கென்று நடந்து வந்தால் நன்றாகவா இருக்கும்? உள்ளே மணி கிடையாது. பச்சைக் கொடியை ஆட்டினால் அடுத்த ஆள் போகலாம். யாரும் வாய்விட்டுப் பேசக் கூடாது, கிசுகிசுக்கத்தான் வேண்டும். கூட்டத்தில் யாராவது நன்றாகப் பேசிவிட்டால் கை தட்டுவதற்குப் பதிலாக இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுவார்கள். ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி. வெளியே இடி விழுந்தால் உள்ளே இருக்கிறவர்களுக்கு மறுநாள் யாராவது சொன்னால்தான் தெரியும். ஊர்ச் சத்தத்தைக் குறைக்க வந்த அலுவலகம் தன் சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது என்று வயிற்றெரிச்சல்காரர்கள் சொல்வார்கள். அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. அவர்களும் போட்டுக்கொள்வதில்லை.

சாவிக்காரர் அங்கே போய் நின்றது மகளுக்காக.

மாற்றுச் சாவி வெட்டித் தருவது அவர் தொழில். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், இரண்டு பேர் சேர்ந்து நின்றால் மூச்சுமுட்டுகிற அளவுக்கு ஒரு கடை. ஒரே மகள் பொம்மிக்கு ஆறு வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே வலிப்பு வந்து, மாத்திரையில் ஓரளவு அடங்கியிருந்தது. திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் மட்டும் வந்துவிடும். அதனால் அழைப்பு மணியைக் கழற்றிப் பரணில் போட்டார்கள். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டார்கள். சாவிக்காரர் தும்மல் வந்தால்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடுவார். இப்படி ஒருவழியாகச் சமாளித்துக்கொண்டிருந்தபோதுதான் விமான நிலையத்தார் பாதையை மாற்றினார்கள்.

அப்புறம் வந்ததைச் சத்தம் என்று சொன்னால் சத்தத்துக்கே கோபம் வரும். கூரையைப் பிய்த்துக்கொண்டு போவதுபோல ஒன்று போகும். மூச்சு விடுவதற்குள் அடுத்தது. பொம்மி படம் வரைந்துகொண்டிருப்பாள், அப்படியே விறைத்துப் பக்கவாட்டில் சாய்வாள். டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "இப்படி அடிக்கடி வந்துட்டிருந்தா மூளை தாங்காதுங்க. கத்துக்கிட்டதெல்லாம் மறந்துட ஆரம்பிச்சிடுவா." பொம்மி அதற்குள் ஆரம்பித்துவிட்டிருந்தாள். பென்சில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, பச்சை எது என்று அம்மாவைக் கேட்டாள். போன வருடம் அவள்தான் அடுத்த வீட்டுக் குழந்தைக்கு நிறம் சொல்லிக்கொடுத்தவள்.

ஆகவே சாவிக்காரர் கம்பளிக் காலுறையோடு போய் உட்கார்ந்தார். கொடி ஆடியது. மேசைக்குப் பின்னால் தொழில்நுட்ப அதிகாரி ஏதோ கிசுகிசுத்தார். நாள் முழுக்கச் சாவி அறுக்கிற இயந்திரத்தோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு அது எங்கே ஏறும்? "என்னங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அறையில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. சுவரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

"மெதுவா, மெதுவா. என்ன விஷயம்?"

"எங்க வீட்டுக்கு மேல விமானம் ரொம்பத் தாழ்வாப் போவுது சார். பிள்ளைக்கு ஃபிட்ஸ் வருது."

"எந்த விமானம்?"

"வானத்துல போற விமானம் சார்."

"அது தெரியுது. எந்தக் கம்பெனி, என்ன ரகம், எங்கேருந்து எங்க போவுது? எதுவும் சொல்லாம மொட்டையா விமானம்னா நாங்க யாரைக் கேக்கறது?"

"அதெல்லாம் எனக்கு எப்படி சார் தெரியும்? நான் பிள்ளையைப் பிடிப்பேனா, மேல பாத்துட்டு நிப்பேனா?"

"பேர் தெரியாத ஆள் மேல புகார் குடுக்க முடியுமா?"

"திருட்டுப் போனாக் குடுக்கறோமே சார். திருடன் பேரைச் சொல்லிட்டா போறான்?"

"திருட்டுன்னா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்க" என்றார் அதிகாரி. பிறகு மனம் இரங்கி, "இப்பல்லாம் இதுக்குன்னு ஆப் வந்திருக்கு. போனை வானத்துப் பக்கம் காட்டினாப் போதும், அந்த விமானத்தோட ஜாதகத்தையே புட்டுப் புட்டு வைக்கும். ஒண்ணைப் போட்டுக்கிட்டு வாங்க" என்றார்.

சாவிக்காரரின் மச்சான் போன் விஷயத்தில் கில்லாடி. தேடினால் கொத்துக் கொத்தாக வந்தது. அதில் நட்சத்திரம் அதிகமாக இருந்த ஒன்றை இறக்கிக் கொடுத்து, "மாமா, இதைத் தூக்கிப் பிடிச்சா பைலட்டு சாப்பிட்டாரா இல்லையான்னுகூடச் சொல்லும்" என்றான். மறுநாள் காலையில் விமானம் வந்தது. பொம்மி விழுந்தாள். சாவிக்காரர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"இவளை வந்து பிடிங்க!" என்று உள்ளே மனைவி கத்தினாள்.

"இரு, இரு, பேரு வந்துட்டிருக்கு!"

பேர் வந்தது. கம்பெனி வந்தது, உயரம் வந்தது, புறப்பட்ட ஊரும் வந்தது. உள்ளே திரும்பிப் போனபோது மகளின் வாயோரத்து நுரையை மனைவி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். பிள்ளை துடிக்கும்போது வானத்துக்குப் போனைக் காட்டிக்கொண்டு நின்ற அப்பன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று சாவிக்காரர் அன்று முழுவதும் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார்.

போனைக் கொண்டுபோய்க் காட்டினார். தொழில்நுட்ப அதிகாரி அதைத் தொடாமலே எட்டிப் பார்த்தார்.

"இது அங்கீகரிக்கப்பட்ட ஆப்பா?"

"அங்கீகரிக்கப்பட்டது எது சார்?"

"இன்னும் எதுவும் இல்ல."

சாவிக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து இயக்குநரே அறையைவிட்டு வெளியே வந்தார். நல்ல மனிதர். யாரிடமும் கோபப்பட்டதில்லை, கோபப்படும் அளவுக்கு எதையும் கேட்டதில்லை. சாவிக்காரரைத் தம் அறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தார்.

"நாங்க புகாரைத் தட்டிக் கழிக்கிற ஆளுங்க இல்ல. புகாருக்கு மரியாதை குடுக்கிறவங்க. மரியாதைக்குரிய ஒரு புகாரை அவசர அவசரமாத் தீர்த்துட்டா அப்புறம் அந்தப் புகாருக்கு என்ன மரியாதை? இந்த இயக்ககம் ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு புகாரைக்கூட நாங்க தப்பாத் தீர்த்ததில்ல."

"மொத்தம் எத்தனை தீர்த்திருக்கீங்க சார்?"

"அதான் சொல்றேனே, ஒண்ணுகூடத் தப்பா இல்ல" என்றார் இயக்குநர். "உங்க கேஸ் எங்க கண்ணைத் திறந்துடுச்சு. எந்த ஆப்புன்னு முடிவு பண்ண ஒரு குழு போடப் போறேன். அதுல பொதுமக்கள் சார்பா நீங்களே உட்காருங்க. பாதிக்கப்பட்டவரையே குழுவுல போடுற பெருந்தன்மை வேற எந்த ஆபீஸ்ல இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவிக்குக்கூட முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "உள்ள போயிட்டீங்கல்ல, சட்டுனு முடிச்சிடுங்க" என்றாள்.

குழுவில் இயக்குநர், தொழில்நுட்ப அதிகாரி, ஒரு காது மருத்துவர், ஒரு மொழி அறிஞர், சாவிக்காரர் என்று ஐந்து பேர். முதல் கூட்டம் மௌனத்தோடு ஆரம்பித்தது. சத்தத்தால் அவதிப்படுகிறவர்களுக்காக எல்லோரும் எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டார்கள். காது மருத்துவர் நின்றபடியே தூங்கிப்போனதால் மௌனம் கொஞ்சம் நீண்டுவிட்டது. பிறகு மொழி அறிஞர் எழுந்து, ஆப் என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நல்ல காரியத்தைத் தொடங்கக் கூடாது என்றும், 'வான்கல அடையாளமறி கைபேசிச் செயலி' என்றே வழங்க வேண்டும் என்றும் முன்மொழிந்தார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் விமானம் போய்விடுமே என்று சாவிக்காரர் கேட்டார். "போகட்டுமே, சொல் நிக்கும்" என்றார் அறிஞர். எல்லோரும் கைகளைத் தூக்கி ஆட்டினார்கள்.

அடுத்து, ஆப்களை எங்கே வைத்துச் சோதிப்பது என்ற பேச்சு வந்தது. எங்கள் தெருவுக்கு வாருங்கள், கைக்கெட்டும் உயரத்தில் போகிறது என்று சாவிக்காரர் அழைத்தார்.

"ஐயையோ, அங்கேயா?" தொழில்நுட்ப அதிகாரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அந்தச் சத்தத்துல மனுஷன் உட்கார முடியுமா? குழு உறுப்பினர்களோட ஆரோக்கியம்னு ஒண்ணு இருக்கில்ல?"

நகரத்தின் கிழக்குக் கோடியில் இயக்ககத்துக்குச் சொந்தமான விருந்தினர் விடுதி இருக்கிறது. மாடியில் கண்ணாடி அறை, சாய்வு நாற்காலிகள், நல்ல காபி. சோதனை முடிகிறவரைக்கும் விமானங்களை அந்தப் பக்கமாக விடச் சொல்லி இயக்குநர் விமான நிலையத்துக்கு ஒரு வரி எழுதிப் போட்டார். மறுநாளே விட்டார்கள்.

சாவிக்காரர் இயக்குநரிடம் போனார்.

"சார், ஒரு வரி எழுதினா பாதையை மாத்திடுவாங்களா? அப்ப என் புகாருக்கே அந்த ஒரு வரியை எழுதியிருக்கலாமே?"

"அது வேற, இது வேற" என்றார் இயக்குநர் பொறுமையாக. "இது நிர்வாக வசதிக்காக மாத்தினது. நிர்வாக வசதிக்குக் காரணம் கேக்க மாட்டாங்க. புகார்னா காரணம் வேணும், ஆதாரம் வேணும். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

மாடியில் சோதனை நடந்தது. முதல் ஆப்பைத் திறந்தால் விளம்பரம் ஓடியது. நிம்மதியான தூக்கத்துக்கு ஒரு தலையணையாம். அது ஓடி முடிந்தபோது விமானம் தரையிறங்கி, பயணிகள் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்திருப்பார்கள். இரண்டாவது ஆப்புக்கு வஞ்சகம் கிடையாது, கண்ணில் பட்டதையெல்லாம் விமானம் என்றது. காக்கையைச் சரக்கு விமானம் என்றது. அறிஞரின் குடையை ஹெலிகாப்டர் என்றது. தற்செயலாக இயக்குநர் பக்கம் திரும்பியபோது, 'தரையில் நிற்கிறது, புறப்படும் நேரம் அறிவிக்கப்படவில்லை' என்று காட்டியது. அதை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

மூன்றாவது ஆப் எல்லா விமானத்தையும் சரியாகச் சொன்னது. சாவிக்காரர் துள்ளி எழுந்தார். ஆனால் தொழில்நுட்ப அதிகாரியின் முகம் வாடிவிட்டது.

"ஒவ்வொரு தடவையும் சரியாச் சொல்லுதே, அதான் இடிக்குது. தப்புப் பண்ணினாத்தானே திருத்திக் காட்ட முடியும்? இதை எடுத்துட்டா அப்புறம் இந்தக் குழு எதுக்கு, நான் எதுக்கு?"

அப்படி வாய் தவறி வந்த உண்மையை யாரும் கண்டுகொள்ளவில்லை. அன்றைக்கு முடிவு எடுக்கவில்லை. கண்ணாடி அறைக்குள்ளும் லேசாக இரைச்சல் வந்ததால் குழு அதற்குப் பிறகு விடுதிப் பக்கமே போகவில்லை. கூட்டங்கள் பழையபடி இரட்டைக் கண்ணாடிக்குள் நடந்தன. விமானங்களுக்கு யாரும் தகவல் சொல்லாததால் அவை மட்டும் தவறாமல் கிழக்கே போய்ச் சோதனைக்கு ஆஜராகிக்கொண்டிருந்தன.

இங்கே சாவிக்காரர் வீட்டுக்கு மேலே வெறும் வானம்.

பொம்மிக்கு வலிப்பு நின்றது. முதலில் நம்பிக்கை வரவில்லை, வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடுமோ என்று புருஷனும் பெண்சாதியும் அதைப் பற்றிப் பேசாமலே இருந்தார்கள். ஒரு சாயங்காலம் அவர் கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது, "அப்பா, உன் சட்டை பச்சை" என்றாள். மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "இன்னொரு தடவை சொல்லுடி தங்கம்." "பச்சை, பச்சை, பச்சை" என்று குதித்தாள். சாவிக்காரர் சட்டையைக் கழற்றவே இல்லை. அதோடேயே சாப்பிட்டார், அதோடேயே படுத்தார்.

அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பும்போது மனைவி கதவருகே வந்து நின்றாள்.

"இன்னிக்கு ஆப்பை முடிவு பண்ணிடுவாங்களா?"

"பண்ணிடுவாங்கன்னுதான் நெனக்கிறேன். நான்தான் விடாம நெருக்கிட்டிருக்கேன்ல?"

"பண்ணிட்டா?"

"சோதனை முடிஞ்சிடும்."

"முடிஞ்சா?"

சாவிக்காரர் செருப்பைத் தேடினார்.

"சொல்லுங்க, முடிஞ்சா விமானம் எங்க போவும்?"

"பழைய பாதைக்கு."

"அப்புறம் எதுக்கு நெருக்குறீங்க?" என்றாள் மனைவி.

அன்று முதல் சாவிக்காரர் ஆளே மாறிப்போனார். மூன்றாவது ஆப்பின் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது, வயதானவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். எழுத்தைப் பெரிதாக்கலாம் என்று காட்டினார்கள். பெரிதாக்கினால் விமானத்தின் பெயர் பாதிதான் தெரிகிறது, பாதிப் பெயரை வைத்து ஒருவர் மேல் புகார் கொடுப்பது தர்மமா என்றார். இடது கைக்காரர்களுக்காக வாதாடினார். கழுத்து வலிக்காரர்கள் எப்படி அண்ணாந்து பார்ப்பார்கள் என்று உருகினார். அவர் பேசப் பேச இயக்குநருக்குக் கண் கலங்கியது. "இவர் வந்தப்ப சாதாரண ஜனங்க மாதிரி, எப்ப முடியும், எப்ப முடியும்னு கேட்டுட்டிருந்தாரு. இப்பப் பாருங்க, பக்குவப்பட்டுட்டாரு" என்றார். கைகள் ஆடின. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குப் போனால் பொம்மி எல்லா நிறத்தையும் சொல்லிக்கொண்டிருந்தாள். வெட்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்படி இருக்கும்போதுதான் பஸ்காரம்மா வந்தார்.

நகரப் பஸ் ஓட்டுகிறவர். சீருடையைக்கூட மாற்றாமல் நேராக வந்திருந்தார், கம்பளிக் காலுறை அந்தப் பெரிய கால்களுக்குப் பாதிதான் ஏறியிருந்தது. கிழக்குக் கோடியில் வீடு. அப்பாவுக்குத் தொண்டையில் புற்று, அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். இனி மருத்துவமனையில் வைத்திருந்து பிரயோஜனமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். புகார்தாரர் என்பதால் குழுவின் முன்னாலேயே நிறுத்திப் பேசச் சொன்னார்கள்.

"அப்பாவுக்குக் குரல் போயிடுச்சுங்க. காத்து மாதிரிதான் வரும். வாய்க்கிட்ட காதை வச்சாத்தான் கேக்கும். அவரு நல்லா இருந்தப்பவே அதிகம் பேசமாட்டாரு. இப்பத்தான் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஏதோ சொல்ல வர்றாரு. குனிஞ்சு காதை வச்சேன்னா மேல வந்துடுதுங்க. ஒண்ணு போனா இன்னொண்ணு. பாவம், திரும்பச் சொல்ல அவருக்குத் தெம்பில்ல. கையை உதறிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறாரு. இன்னும் எத்தனை நாள் இருப்பாரோ. அதுக்குள்ள என்ன சொல்றாருன்னு கேட்டுக்கணும், அவ்வளவுதாங்க."

"எந்த விமானம்?" என்று கேட்டார் தொழில்நுட்ப அதிகாரி.

சாவிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எந்த விமானம் என்று அவருக்குத் தெரியும். அத்தனையும் அவருடைய விமானம்.

அந்த அம்மாவை வெளியே உட்காரச் சொன்ன பிறகு, சாவிக்காரர் எழுந்தார். "சார், ஒரு யோசனை. சோதனை நடக்கட்டும், வேண்டாம்னு சொல்லல. ஊருக்கு வெளியே பெரிய ஏரி இருக்கே, அதுக்கு மேல விமானத்தை விட்டா என்ன? அங்க குடியிருப்பே கிடையாது. நீங்க ஒரு வரி எழுதினதும் மறுநாளே மாத்திட்டாங்களே?"

குழு இதைத் தீவிரமாக யோசித்தது. காது மருத்துவர்தான் குறையைக் கண்டுபிடித்தார்.

"அங்க ஆளே இல்லையேப்பா. கேக்க ஆள் இல்லாத இடத்துல அது சத்தமே இல்ல, வெறும் காத்து அதிர்ச்சி. அதுக்கு எங்க இயக்ககம் பொறுப்பாக முடியாது. யாராவது அவதிப்பட்டாத்தான் எங்க அதிகாரம் அங்க செல்லும்."

"யாரும் அவதிப்படலேன்னா?"

"அப்ப நாங்க எதுக்கு?" என்றார் இயக்குநர், வெள்ளந்தியாக.

சாவிக்காரர் அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் கெட்ட எண்ணம் இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

அன்றைக்கென்று பார்த்து இயக்குநருக்கு முடிவு தேவைப்பட்டது. மேலிடத்திலிருந்து, குழு என்ன செய்தது என்று கேட்டிருந்தார்களாம். மூன்றாவது ஆப்பைத் தேர்ந்தெடுக்கலாமா, வேண்டாமா என்று கை தூக்கச் சொன்னார். இயக்குநரும் காது மருத்துவரும் வேண்டும் என்றார்கள். தொழில்நுட்ப அதிகாரியும் மொழி அறிஞரும் கூடாது என்றார்கள். எல்லோரும் சாவிக்காரர் பக்கம் திரும்பினார்கள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பெஞ்சில், பஸ்காரம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே பேசுவது அவருக்குக் கேட்காது. களைத்துப்போய்க் கண்ணை மூடியிருந்தார். வேண்டும் என்று சொன்னால் நாளைக்கே அவர் வீட்டுக்கு மேல் அமைதி. அப்பா சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிடுவார். பாவி, சொல்லித் தொலையேன் என்று சாவிக்காரர் தன்னையே உலுக்கிக்கொண்டார். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்போது பொம்மி பக்கவாட்டில் சாய்வது தெரிந்தது. நுரையைத் துடைக்கும் முந்தானை தெரிந்தது.

"மழை நாள்ல இந்த ஆப் எப்படி வேலை செய்யுதுன்னு நாம பாக்கவே இல்லையே சார்" என்றார் சாவிக்காரர். "மேகத்துக்குள்ள போனா கண்டுபிடிக்குமான்னு பாக்க வேண்டாமா?"

இயக்குநரே முதல் ஆளாகக் கைகளைத் தூக்கி ஆட்டினார். மழைக்காலம் வரும்வரை சோதனையை நீட்டிக்க ஒருமனதாக முடிவாயிற்று. மேலிடத்துக்கும் அதுவே நல்ல பதிலாக அமைந்துவிட்டது. மழைக்கு இன்னும் நாள் இருந்தது.

போகும்போது சாவிக்காரர் பஸ்காரம்மாவைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அந்த அம்மா எழுந்து நின்றார். "ஏதாவது பண்ணுவாங்களா சார்?"

"பேசிட்டிருக்கோம்மா" என்றார் சாவிக்காரர், தரையைப் பார்த்து. மறுநாளிலிருந்து அந்த அம்மா ஓட்டும் பஸ் கடைக்கு எதிரே வந்து நிற்கும்போதெல்லாம் குனிந்து சாவி அறுத்தார். அந்த வாரத்தில் இரண்டு பேருக்குத் தப்பான சாவி கொடுத்துவிட்டார். வீட்டில் மனைவி, "ஏன் ஒரு மாதிரியா இருக்கீங்க, அதான் பிள்ளைக்கு எல்லாம் சரியாயிடுச்சே?" என்று கேட்டாள். "ஆமா, சரியாயிடுச்சு" என்றார். பஸ்காரம்மாவைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளும் சேர்ந்து சுமக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில், மௌனம் முடிந்து உட்கார்ந்ததுமே இயக்குநர் மலர்ந்த முகத்தோடு எழுந்தார்.

"ஒரு சந்தோஷமான செய்தி. நம்ம குழுவுக்கு முதல் வெற்றி கிடைச்சிருக்கு. கிழக்குப் பகுதியிலேருந்து ஒரு புகார் வந்துச்சில்ல, தொண்டை சரியில்லாத ஒரு பெரியவர் விஷயமா? அந்தப் புகார் தீர்ந்துடுச்சு. புகார்தாரரே இன்னிக்கு வந்து, இனிமே தேவையில்லைன்னு வாபஸ் வாங்கிட்டுப் போயிருக்காங்க. நாம எந்த நடவடிக்கையும் எடுக்காமலே ஒரு புகார் தீர்ந்திருக்குன்னா, நம்ம அணுகுமுறை எவ்வளவு சரியானதுன்னு பாத்துக்கங்க!"

அறையில் கைகள் காற்றில் ஆடின. சாவிக்காரர் எழுந்து வெளியே ஓடினார். பின்னால் யாரோ உஷ், உஷ் என்றார்கள்.

பஸ்காரம்மா வாசலில் குனிந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அப்பா..."

"போயிட்டாருங்க. முந்தாநாள்." காலுறையை மடித்துப் பெட்டியில் வைத்தார். "கடைசியில என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. ரொம்ப நேரம் ஏதோ சொன்னாரு. மேல அது போயிட்டே இருந்துச்சு. சரிப்பா, சரிப்பான்னு தலையை ஆட்டிக்கிட்டே இருந்தேன், கேட்ட மாதிரி. அவரும் நம்பிட்டாருன்னு நெனக்கிறேன்."

சாவிக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

பஸ்காரம்மா ஷூவை மாட்டி நிமிர்ந்தார். "முன்னாடி உங்க தெரு மேல போயிட்டிருந்ததுதான் இப்ப எங்க பக்கம் வருதாமே. டிப்போவுல சொன்னாங்க. உங்களுக்குச் சின்னப் பொண்ணு இருக்காமே, உடம்பு சரியில்லாம?"

"ஆமாம்மா."

"இப்ப எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காம்மா. பேசுறா. ஓயாம பேசிட்டிருக்கா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அந்த அம்மாவின் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தார். வந்தால் நன்றாக இருக்கும், நாலு வார்த்தை திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. வரவில்லை.

"எல்லாத்தையும் கேட்டுக்கங்க சார்" என்றார் பஸ்காரம்மா. "ஒண்ணையும் விடாமக் கேட்டுக்கங்க."

படியிறங்கிப் போய்விட்டார். உள்ளேயிருந்து தொழில்நுட்ப அதிகாரி எட்டிப் பார்த்து, சீக்கிரம் வரச் சொல்லிக் கையை அசைத்தார். மழைக்காலச் சோதனைக்கு நாள் குறிக்க வேண்டுமாம், பொதுமக்கள் பிரதிநிதி இல்லாமல் குறிக்கக் கூடாதாம். சாவிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.